அப்பா சட்டையில் ஒரு போர்வை!

கிழிந்து போன பேன்ட்டை உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள், செல்லங்களே? வண்டி துடைக்க வைத்துக் கொள்வார்கள். இல்லாவிட்டால் கரித்துணியாக அடுப்படிக்குப் போகும். அதோடு அதன் கதை முடிந்தது, இல்லையா?

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், மிசௌரி பெட்வே என்று ஓர் அம்மா இருந்தார். அவருடைய கணவர் பருத்தி வயலில் பாடுபட்டவர். அவர் இறந்து போனதும், வயலுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகளும் பேன்ட்டுகளும் வீட்டில் அப்படியே கிடந்தன. எல்லாம் தேய்ந்து, வெளுத்துப் போனவை. அந்த அம்மா தன் மகள் ஆர்லோன்சியாவைக் கூப்பிட்டு, "அப்பா துணியை எல்லாம் எடு, கிழித்து ஒரு போர்வை தைக்கலாம். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன்" என்கிற மாதிரி சொன்னாராம். அம்மாவும் மகளும் சேர்ந்து தைத்தார்கள். அது 1942ஆம் ஆண்டு.

சரியாக 60 ஆண்டு கழித்து, 2002ல், அந்தப் போர்வை பெரிய அருங்காட்சியகத்தில் ஓவியத்தைப் போலச் சுவரில் தொங்கியது! டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள் ஜனங்கள். கந்தைத் துணிக்கு இந்த மரியாதை எப்படி வந்தது?

ஆற்றின் மடியில் ஓர் ஊர்

அந்த ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். 'ஜீ என்பவரின் வளைவு' என்று அர்த்தம். ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்கார முதலாளி 200 ஆண்டுகளுக்கு முன் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். அலபாமா ஆறு அந்த ஊரை 'ப' வடிவில் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மூன்று பக்கம் தண்ணீர். நான்காவது பக்கம் மட்டும்தான் நிலவழி. பிறகு அந்தத் தோட்டம் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் ஆப்பிரிக்க வம்சத்து அடிமைகள். முதலாளி பெயரையே அவர்களுக்கும் வைத்துவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் 'பெட்வே' என்ற குடும்பப் பெயர்!

1865ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் வறுமை ஒழியவில்லை. நிலம் வேறொருவருடையது, விதை கடன், உரம் கடன். 1932ல், கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்ததும், அவர் குடும்பத்தார் ஆட்களை அனுப்பி ஊரையே துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாடு, கோழி, கலப்பை, சேர்த்து வைத்திருந்த சோளம், எதையும் விடவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவை வைத்துக்கொண்டுதான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள்.

குளிர்காலம் என்றால் நம் மார்கழி போல என்று நினைக்காதீர்கள். அலபாமாவில் சில இரவுகளில் தண்ணீர் உறைகிற அளவு குளிரும். இவர்கள் இருந்ததோ மரத்தாலான குடிசைகள். பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும். காற்றை அடைக்கச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டி வைப்பார்கள். ஆகவே, போர்வை அங்கே அழகுக்கு இல்லை, உயிர் பிழைக்க. ஒரு வீட்டுக்கு நாலைந்து போதாது. தரையிலும் அதே விரிப்பு, மேலேயும் அதே போர்வை.

சாண்ட்விச் மாதிரி!

இந்த வகைப் போர்வைக்கு ஆங்கிலத்தில் 'குவில்ட்' என்று பெயர். நாம் ஒட்டுப் போர்வை என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தைக்காகப் பாட்டி பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, குறுக்கும் நெடுக்கும் தைத்து விரிப்பாரே, அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

ஒட்டுப் போர்வையில் மூன்று அடுக்கு. மேலே, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த பக்கம். நடுவில் பஞ்சு. கீழே, முழுசாக ஒரு துணி. ஜீஸ் பெண்டில் கீழ்த்துணிக்கு மாவு மூட்டை, சர்க்கரை மூட்டை, உர மூட்டைச் சாக்குகளைப் பிரித்துத் துவைத்துப் போட்டார்கள். நடுப் பஞ்சுக்கு, பருத்தி அரைக்கும் ஆலையின் தரையில் சிதறிக் கிடப்பதைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து, குச்சியால் அடித்துப் பஞ்சாக்கினார்கள்.

பஞ்சு எப்படிக் குளிரைத் தடுக்கிறது? பஞ்சு சூடு தருவதில்லை, செல்லங்களே. அதன் இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் உங்கள் உடம்புச் சூடு வெளியே ஓடாமல் உங்களிடமே தங்கிவிடுகிறது. ஆனால் பஞ்சைச் சும்மா உள்ளே வைத்தால், நாலே நாளில் ஒரு மூலையில் உருண்டு திரண்டுவிடும். பஞ்சு மெத்தையில் அங்கங்கே நூல் முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது பஞ்சு நகராமல் இருக்கத்தான். ஒட்டுப் போர்வையில் முடிச்சுக்குப் பதில், மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து வரிவரியாகத் தையல் ஓடும்.

மேல் பக்கத்தை அந்த ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் தனியாகத்தான் தைப்பார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது அவரவர் விருப்பம். அதில் அடுத்தவர் தலையிட முடியாது. நடுவில் ஒரு சதுரம் வைத்து, சுற்றிச் சுற்றிப் பட்டைகளைத் தைத்துக்கொண்டே போனால் அது 'வீட்டுக் கூரை'. மேலிருந்து பார்க்கக் கூரை மாதிரியே இருக்கும். நேர்ப் பட்டைகளாகவே தைத்து முடித்தால் 'சோம்பேறிப் பெண்' என்று கேலிப் பெயர்! இந்த இரண்டிலும் அடங்காததற்கு 'என் வழி' என்று பெயர். எனக்குப் பிடித்த பெயர் அதுதான்.

வேலைத் துணியில் தைத்த போர்வைகளை உற்றுப் பாருங்கள். முழங்கால் பட்ட இடம் வெளுத்திருக்கும். பையைப் பிரித்து எடுத்த இடத்தில் மட்டும் வெயில் படாத பழைய கருநீலம் அப்படியே, பை வடிவத்திலேயே இருக்கும். உழைத்தவரின் உடம்பு அந்தத் துணியில் படம் வரைந்திருக்கிறது.

மேல் பக்கம் முடிந்ததும் தனி வேலை தீர்ந்தது. இனிமேல் கூட்டு வேலை. கழிகளைக் கட்டிய பெரிய சட்டத்தில் மூன்று அடுக்கையும் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நான்கு பக்கமும் உட்காருவார்கள். பாட்டும் வம்பும் பிரார்த்தனையும் தையலுமாகப் பொழுது போகும். இன்று இவர் வீட்டில், நாளை அவர் வீட்டில். வாண்டுகளுக்கு எங்கே இடம் தெரியுமா? சட்டத்துக்கு அடியில்! அங்கே கூடாரம் போல விளையாட வேண்டியது. கண் மங்கிய பாட்டி கூப்பிட்டால் எழுந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க வேண்டியது. அந்த ஊர்ப் பெண்கள் பலரும் தையலைக் கற்றுக்கொண்டது அந்தக் 'கூடாரத்தில்' இருந்துதான்.

படகை நிறுத்தினார்கள்

ஆற்றுக்கு எதிர்க்கரையில் கேம்டன் என்ற நகரம். கடை, அலுவலகம் எல்லாம் அங்கேதான். ஓட்டுப் போடப் பெயர் பதிய வேண்டுமானாலும் அங்கேதான் போக வேண்டும். அந்தக் காலத்தில் அலபாமாவில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட முடியாதபடி ஆயிரம் தடைகள். 1962ல் ஆற்றைக் கடக்கும் படகை அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஓட்டுரிமை கேட்கக் கூடாது என்றுதான் நிறுத்தினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். எதிரே கண்ணுக்குத் தெரிகிற நகரத்துக்கு, அறுபது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஆனாலும் போனார்கள். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கே வந்து தேவாலயத்தில் பேசி உற்சாகப்படுத்தினார். பெயர் பதியப் போனவர்களில் பலருக்கு வேலை போயிற்று; சிலருக்குக் குடியிருந்த வீடும் போயிற்று.

அப்போது கைகொடுத்தது ஊசியும் நூலும்தான்! பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் வந்தபோது, கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்து அசந்து போனார். நியூயார்க்கில் அவற்றை ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966ல் பெண்களே சேர்ந்து 'சுதந்திரத் தையல்கூடம்' என்ற பொருளில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வந்த பணத்தில் சங்கம் நிலம் வாங்கி, வீடு இழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு மனையும் கொடுத்தது. 1972ல் சியர்ஸ் என்ற பெரிய கடை, கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலையைக் கொடுத்தது. அதில் ஒரு சங்கடம்: கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி வேண்டும். 'என் வழி' அங்கே செல்லாது. அதனால் மிச்சமான கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், இரவில் தங்கள் இஷ்டம் போலத் தைத்தார்கள். மிக அழகான போர்வைகள் சில அப்படிப் பிறந்தவைதான்!

கொசு விரட்டியது கூடத்துக்குப் போன கதை

இத்தனைக்கும் அந்தப் பெண்கள் யாரும் தங்களைக் கலைஞர் என்று நினைத்ததே இல்லை. நைந்து போன போர்வையை வாசலில் கொளுத்திப் புகை போட்டுக் கொசு விரட்டுவார்கள்! 1990களின் கடைசியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒரு புத்தகத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்தார். விறகுக் கட்டின் மேல் விரித்த ஒரு போர்வை. தைத்தவர் ஆனி மே யங். தேடிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். 2002ல் ஹூஸ்டன் நகரிலும் பிறகு நியூயார்க்கிலும் கண்காட்சி. 2006ல் பத்து போர்வைகளின் படத்தோடு அமெரிக்காவில் தபால் தலை வந்தது. புகழ் வந்ததும், பணத்தில் எங்களுக்கு நியாயமான பங்கு வரவில்லை என்று சிலர் வழக்குப் போட்டதும் உண்டு; 2008ல் சமரசம் ஆனது. 2006 செப்டம்பரில், நிறுத்திய படகும் திரும்ப ஓடத் தொடங்கியது. 44 ஆண்டுகள்!

2022 அக்டோபரில் அந்த ஊரில் 'போர்வை உலர்த்தும் விழா' நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட, வெளியூர்க்காரர்கள் நடந்து நடந்து பார்த்தார்கள்.

நீங்களும் தைக்கலாம்

முதலில் போர்வை வேண்டாம், ஒரு சின்ன 'வீட்டுக் கூரை' விரிப்பு போதும். பழைய பருத்தித் துணியாக எடுங்கள், நைலான் வழுக்கும். நடுவுக்கு 4 அங்குலச் சதுரம் ஒன்று. சுற்றுவதற்கு 2 அங்குல அகலப் பட்டைகள். சதுரத்தின் நல்ல பக்கமும் பட்டையின் நல்ல பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். ஊசி மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை போகும் சாதாரண ஓட்டுத் தையல் போதும். பட்டையைப் பிரித்து விரலால் நீவிவிட்டு, அடுத்த பக்கம் போங்கள். நான்கு பக்கமும் முடிந்தால் ஒரு சுற்று. இப்படி இரண்டு சுற்று.

இப்போது விரிப்பின் அளவு என்ன? தையலில் போன கால் அங்குலங்களைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். (டீச்சர் புத்தி, விடாது!) 10 அங்குலம் வந்தால் சரி. நடுவில் பஞ்சுக்குப் பதில் பழைய துண்டு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து வைத்து, வரிவரியாகத் தைக்கும்போது மட்டும் தோழன், தோழிகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். பிறகு விளிம்பை மடித்துத் தைத்துவிடுங்கள். ஆரம்பிக்கும்போது எத்தனை ஊசி எடுத்தீர்களோ, எழுந்திருக்கும் முன் அத்தனையும் டப்பாவுக்குள் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். தம்பி, தங்கை தவழ்கிற வீடாக இருந்தால் இரண்டு முறை எண்ணுங்கள்!