இந்து சமுத்திரமும் ஆசியக் கண்டமும்: எமது மழையின் பிறப்பிடம்

பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 71 சதவீதம் சமுத்திரங்களாலும் எஞ்சிய 29 சதவீதம் நிலத்தாலும் ஆனது என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆனால், உயிர்களின் வாழ்வைத் தீர்மானிப்பது இந்த விகிதாசாரம் மாத்திரமன்று. கடல் எங்கே முடிவடைகின்றது, நிலம் எங்கே தொடங்குகின்றது, இரண்டுக்குமிடையே மலைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பவையே மழையையும் வரட்சியையும், விளைச்சலையும் பஞ்சத்தையும் பெருமளவில் நிர்ணயிக்கின்றன. இதற்கு இந்து சமுத்திரத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேறில்லை எனலாம்.

நிலமும் நீரும் சூரிய வெப்பத்தை ஒரே விதமாக ஏற்பதில்லை. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துவதற்கு, அதே நிறையுடைய உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப் போன்று சுமார் ஐந்து மடங்கு வெப்பம் தேவைப்படுகின்றது. அத்துடன் கடல் தான் பெற்ற வெப்பத்தை ஆழத்திற்கும் பரப்பி வைத்துக்கொள்கின்றது. இதனால் நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிர, கடலோ மெதுவாகச் சூடேறி மெதுவாகவே குளிர்கின்றது. சைபீரியாவின் உட்பகுதியிலுள்ள வெர்கோயான்ஸ்க் நகரில் 1892ஆம் ஆண்டு பூச்சியத்திற்குக் கீழ் 67.8 பாகை செல்சியஸ் பதிவானது. அதே நகரில் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் 38 பாகை பதிவானது. கடலால் சூழப்பட்ட கொழும்பிலோ ஆண்டின் மிகக் குளிரான மாதத்திற்கும் மிக வெப்பமான மாதத்திற்குமிடையே சராசரி வெப்பநிலை சில பாகைகளே வேறுபடுகின்றது.

பசுபிக், அத்திலாந்திக் சமுத்திரங்கள் வடதுருவப் பிரதேசத்தை அண்மித்து விரிந்து கிடக்கின்றன. இந்து சமுத்திரத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. 25 பாகை வட அகலக்கோட்டிற்கு அண்மையிலேயே உலகின் மிகப்பெரிய கண்டம் அதனை மறித்து நிற்கின்றது. இந்த அமைப்பு ஆதியிலிருந்தே இருந்த ஒன்றல்ல. கொண்டுவானா என்னும் தென்புலப் பெருநிலத்திலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்த இந்தியத் தகடு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவுடன் மோதியதன் விளைவாகவே இமயமலை எழுந்தது. திபெத்திய மேட்டுநிலமும் இன்றைய உயரத்தை எய்தியது. மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் அருகே கிடந்த இலங்கையின் பாறைகளும் அந்தப் பயணத்திலேயே இங்கு வந்து சேர்ந்தன.

கோடை காலத்தில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் அங்கு தாழமுக்கம் உருவாகின்றது. தென்னரைக்கோளத்திலிருந்து புறப்படும் காற்று சோமாலியக் கரையோரமாக மத்திய கோட்டைக் கடந்து, புவிச்சுழற்சியினால் வலப்புறம் திரும்பி, கடலின் ஈரப்பதனைச் சுமந்து தென்மேற்குப் பருவப்பெயர்ச்சியாக வீசுகின்றது. வடக்கின் குளிர்ந்த, உலர்ந்த வளி இறங்கிவந்து இந்த ஈரக்காற்றுடன் கலந்துவிடாதவாறு இமயமலை தடுத்து நிற்கின்றது. குளிர் காலத்தில் நிலைமை தலைகீழாகின்றது. கண்டம் குளிர்ந்து உயரமுக்கம் நிலவ, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. காற்றுடன் சேர்ந்து சோமாலிய நீரோட்டமும் ஆண்டுக்கு இரு தடவை தனது திசையை மாற்றிக்கொள்கின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விரு காற்றுகளின் நடுவே அமைந்துள்ளது எமது தீவு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சாய்வுகளிலும் தென்மேற்குத் தாழ்நிலங்களிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்ததும் ஈரமிழந்த கச்சானாகக் கிழக்கை வாட்டுகின்றது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என அழைப்பதும் இந்தப் பருவக் காற்றையே. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகிழக்குப் பருவப்பெயர்ச்சி வங்காள விரிகுடாவின் ஈரத்தை வாடைக்காற்றாகக் கொண்டுவருகின்றது. அதற்கு முந்திய ஒக்டோபர், நவம்பர் மாத மழையும் சேர்ந்தே வன்னியின் குளங்களையும் குடாநாட்டுச் சுண்ணக்கற் பாறைகளின் நிலத்தடி நீரையும் நிரப்புகின்றது. பெரும்போகம் இதனை நம்பியே விதைக்கப்படுகின்றது. மேற்குக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் மீனவர்கள் கிழக்குக் கரையில் வாடி அமைத்துத் தொழில் புரியும் வழக்கமும் இதன் வழிவந்ததேயாகும்.

காற்றின் திசை மாற்றமே எமது சமூகங்களின் வரலாற்றையும் எழுதியுள்ளது. பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே ஐரோப்பியர் பருவப்பெயர்ச்சிக்கான தமது சொல்லைப் பெற்றனர். ஒரு காற்றில் வந்து மறு காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் கரையோரங்களில் தங்கி, மணமுடித்து, இந்த மண்ணின் மக்களாயினர். 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவரது உதவியுடன் பாவாதமலையைத் தரிசித்ததாகத் தமது பயணக் குறிப்பில் கூறுகின்றார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நாட்டிய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள அக்கல், காற்று யாரையெல்லாம் இங்கு ஒன்றுகூட்டியது என்பதற்குச் சான்றாகும்.

எனினும் இந்தக் கடல் எல்லா ஆண்டுகளிலும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வழமையைவிடச் சூடேறிக் கிழக்குப் பகுதி குளிர்வதும், பின்னர் இது மாறி நிகழ்வதுமான ஊசலாட்டத்தை விஞ்ஞானிகள் 1999ஆம் ஆண்டில் விளக்கி, அதனை இருமுனை நிலை எனப் பெயரிட்டனர். 2019ஆம் ஆண்டில் மேற்கு மிகையாக வெப்பமடைந்தபோது கிழக்கு ஆபிரிக்காவில் வெள்ளம் பெருக்கெடுத்தது. மறுகரையிலுள்ள அவுஸ்திரேலியா வரட்சியில் வாடிக் காட்டுத்தீயில் எரிந்தது.

வங்காள விரிகுடாவின் இயல்பு தனியானது. கங்கை, பிரமபுத்திரா முதலான பெருநதிகளும் மழையும் அதன் மேற்பரப்பில் உப்புக் குறைந்த நீரைப் படரவிடுகின்றன. இந்த இலேசான நீர் கீழுள்ள குளிர்ந்த நீருடன் எளிதிற் கலப்பதில்லை. ஆதலால் மேற்பரப்பு சூடாகவே இருந்து, சூறாவளிகளுக்கு வேண்டிய சக்தியை வழங்குகின்றது. வடக்கே ஒடுங்கி ஆழம் குறையும் அதன் கரைகளில் கடல்நீர் மலைபோல் எழுகின்றது. 1970ஆம் ஆண்டு போலா சூறாவளியில் இன்றைய பங்களாதேஷில் குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் எமது வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் மூத்த தலைமுறையினர் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. இம்முறை கரையோரத்தைக் காட்டிலும் மலைநாடே மண்சரிவுகளால் பேரிழப்பைச் சந்தித்தது.

மனித நடவடிக்கைகளால் பூமியில் மிகையாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 சதவீதத்திற்கும் அதிகமானதைச் சமுத்திரங்களே உள்வாங்கியுள்ளன. கடல் இவ்வாறு தாங்கியிராவிடின் நிலத்தின் வெப்பம் சகிக்க முடியாததாகியிருக்கும். ஆயினும் அந்த உபகாரம் இலவசமானதல்ல. வளியின் வெப்பம் ஒரு பாகை உயரும்போது அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதத்தால் அதிகரிக்கின்றது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு தினங்களில் கொட்டித் தீர்ப்பதற்கு வாய்ப்பு அதிகரிப்பது இதனாலேயே.

கண்டங்களை நகர்த்தவோ கடலின் போக்கை மாற்றவோ எவராலும் இயலாது. ஆனால் அவற்றின் இயல்பை அறிந்து வாழ்வது எமது கைகளில் உள்ளது. மண்சரிவு அபாயமுள்ள சாய்வுகளில் லயன் குடியிருப்புகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்குப் பாதுகாப்பான காணி வழங்கப்படல் வேண்டும். குளங்களும் கண்டற் காடுகளும் ஆக்கிரமிப்பிலிருந்து காக்கப்படல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, அனர்த்த எச்சரிக்கைகள் தமிழிலும் அதே நேரத்தில், அதே தெளிவுடன் வெளியிடப்படல் வேண்டும். காற்று வரும் திசையைச் செய்மதி காட்டிவிடுகின்றது. அந்தச் செய்தி மலையகத்துத் தாய்க்கும் மூதூர் மீனவருக்கும் விளங்கும் மொழியில், உரிய வேளையில் சென்றடையவில்லையெனில் விஞ்ஞானத்தின் பயன்தான் என்ன? அடுத்த வாடைக்காலம் வருவதற்கு முன்னரே இக்கேள்விக்கு விடை காணுமாறு பொறுப்பு வாய்ந்தவர்களை நாம் வலியுறுத்துகின்றோம்.