சுரண்டுவதற்கு முன் படியுங்கள்!

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் கார். 1968 மாடல், பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் பாடி. ஓடும் நிலையில் இல்லை, கூடுதான் மிச்சம். அதை வாங்கியவரும் அவருடைய பட்டறைக் கூட்டாளியும் தெளிவாக ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். 2000-ல் வெளிவந்த 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்' படத்தில் வரும் 'எலினார்' காரைப் போல இதை மாற்றிவிட வேண்டும். பழைய மஸ்டாங் கூடுகளை அப்படி மாற்றி விற்கும் தொழில் அமெரிக்காவில் சக்கைப்போடு போடுகிறது. கூட்டில் பதிந்திருந்த எண்ணைத் தேடிப் பார்த்தபோதுதான் அவர்கள் கை நின்றது.

8-ஆர்-02-எஸ்-125558. ஸ்டீவ் மெக்வீன் நடித்த 'புல்லிட்' படத்துக்காக வாங்கப்பட்ட இரண்டு மஸ்டாங்குகளில் ஒன்றின் எண் அது. சான்ஃபிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் துரத்தல் காட்சியில், பள்ளத்தில் பாய்ந்தும் மேட்டில் எகிறியும் அடிவாங்கிய ஸ்டண்ட் கார். படப்பிடிப்பு முடிந்ததும் உடைத்துப் போட்டிருப்பார்கள் என்றே அரை நூற்றாண்டாக எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது எல்லை தாண்டி மெக்சிகோ போய், வேறு பெயின்ட் பூசப்பட்டு, கிட்டத்தட்ட வேறொரு படத்தின் காராக மாறப்போகும் நேரத்தில் தப்பித்தது. 2017-ல் செய்தி வெளியானது.

வெளிநாட்டிலிருந்து அபூர்வ மஸில் கார்களைத் தேடிப்பிடித்து மீட்பவர்களின் உலகம் இப்படிப்பட்ட கதைகளால் நிறைந்தது. கதைகளைக் கேட்கும்போது சிலிர்க்கிறது. ஆனால், மீட்பு என்ற பெயரில் பட்டறைகளில் நடக்கும் வேலைகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. காரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கார் யார் என்பதற்கான சாட்சியத்தை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

அந்த மஸ்டாங்கின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ள 8, மாடல் ஆண்டு 1968 என்கிறது. 'ஆர்' என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 ஃபாஸ்ட்பேக் பாடியைக் குறிக்கும். 'எஸ்' என்பது 390 கன அங்குல ஜி.டி. வி-8 இன்ஜின். மிச்சமிருப்பது வரிசை எண். படத்தின் இன்னொரு காரின் எண் 125559-ல் முடிகிறது. இரண்டும் அடுத்தடுத்த எண்கள்.

ஆனால் எண் ஒன்றே போதாது. எண் பொறித்த தகட்டை ஒரு கூட்டிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டுகிற திருட்டு, இந்தத் தொழில் அளவுக்கே பழையது. அமெரிக்காவில் அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இருந்தும் நடக்கிறது. எனவே மஸ்டாங் வல்லுநர் ஒருவர் மெக்சிகோவுக்கே போய், கூட்டை நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்தார். பாய்ச்சலைத் தாங்குவதற்காக, முன்பக்க ஸ்பிரிங்குகளைத் தாங்கும் ஷாக் டவர்கள் பலப்படுத்தப்பட்டிருந்தன. படப்பிடிப்புக்காக டிக்கியில் போட்ட துளைகள் அப்படியே இருந்தன. அந்தத் துளைகளைத்தான் கவனியுங்கள். எந்த டிங்கரிங் பட்டறையில் விட்டாலும் முதல் நாளே வெல்டிங் வைத்து அடைத்து, பட்டி போட்டுத் தேய்த்திருப்பார்கள். அடைத்திருந்தால், படத்தில் ஓடிய கார் என்பதற்கு அந்தக் கூடே சொல்லும் சாட்சி போயிருக்கும்.

ஃபோர்டு கார் தேடுபவர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள். 1967 மாடலிலிருந்து அந்த நிறுவனத்தின் தயாரிப்புப் பதிவேடு கணினித் தரவாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் 'மார்ட்டி ரிப்போர்ட்' என்ற ஆவணம் கிடைக்கும். அந்தக் கார் எந்த நிறத்தில், என்ன இன்ஜினோடு, எந்த விற்பனைப் பகுதிக்காகத் தயாரானது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஷெவ்ரோலே வாங்குபவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ஷெவ்ரோலேயின் 1970 ஷெவல் காரில், எஸ்.எஸ். என்ற விலை கூடிய ரகத்தின் அடையாள எண்ணில், அது எஸ்.எஸ். என்று சொல்லும் எழுத்தே இல்லை. சாதாரண ஷெவலில் பட்டையும் பேட்ஜும் ஒட்டி எஸ்.எஸ். என்று விற்றால், எண்ணை மட்டும் பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. அதே நிறுவனத்தின் கார் கனடாவில் முதல் விற்பனையாகியிருந்தால் நிலைமை வேறு. அங்கே பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் நகல் கிடைக்கும். அபூர்வ ஷெவ்ரோலேக்களைத் தேடுபவர்கள் கனடா பக்கம் கண்வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவேடு இல்லாத இடத்தில் மிஞ்சுவது ஒரு காகிதம். தொழிற்சாலையில் கார் நகர்ந்துவரும்போது, எந்தப் பாகத்தை மாட்ட வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்ல அச்சிட்ட தாள். 'பில்ட் ஷீட்' என்பார்கள். வேலை முடிந்ததும் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ கார்ப்பெட்டுக்கு அடியிலோ அதைச் செருகிவிட்டுப் போனார்கள். ஷெவல் போன்ற கார்களில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. ஐம்பது வருடப் புழுதியில் பழுப்பேறி, தொட்டால் உதிரும் இந்தத் தாள், காரின் விலையையே மாற்றிவிடும். துருப்பிடித்த டேங்கைக் கழற்றி அப்படியே காயலான் கடைக்கு அனுப்பும் மெக்கானிக், அந்தக் காரின் பிறப்புச் சான்றையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்.

ஜெர்மனிக்குப் போன குதிரை

வெளிநாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் கார்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதற்கு 'டி-5' ஓர் உதாரணம்.

1960-களின் மத்தியில் மஸ்டாங்கை ஜெர்மனியில் விற்கப் போனபோது, அந்தப் பெயர் ஏற்கெனவே க்ரூப் நிறுவனத்தின் லாரிக்குப் பதிவாகியிருந்தது. அதனால் ஜெர்மனிக்குப் போன மஸ்டாங்குகள் 1970-களின் இறுதிவரை 'டி-5' என்ற பெயரில் விற்கப்பட்டன. ஃபெண்டரில் 'மஸ்டாங்' எழுத்துக்குப் பதிலாக டி-5 பேட்ஜ். பாயும் குதிரைச் சின்னம் மட்டும் அப்படியே. ஸ்பீடாமீட்டரில் மைலுக்குப் பதில் கிலோமீட்டர். அங்கே பணியிலிருந்த அமெரிக்க ராணுவத்தினர் பலர் இவற்றை வாங்கினார்கள். ஊர் திரும்பும்போது சில கார்களும் கூடவே கப்பலேறின.

இப்போது யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு கார் இரண்டு மூன்று கை மாறி ஒரு பட்டறைக்கு வருகிறது. பட்டறைக்காரர் மஸ்டாங்குகளை நூற்றுக்கணக்கில் பார்த்தவர். டி-5 பேட்ஜைப் பார்த்ததும் யாரோ விளையாட்டாக மாட்டியது என்று கழற்றுகிறார். கிலோமீட்டர் மீட்டரை எடுத்துவிட்டு மைல் மீட்டரை மாட்டுகிறார். ஜெர்மானியச் சட்டத்துக்காகப் போட்ட விளக்குகளை மாற்றுகிறார். புதிய பெயின்ட், புதிய 'மஸ்டாங்' எழுத்து. வெளியே வருவது கண்ணைப் பறிக்கும் கார்தான். லட்சக்கணக்கில் தயாரான மஸ்டாங்குகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. அது கடல் தாண்டிப் போய்வந்த அபூர்வமான கார் என்பதைச் சொல்ல இனி எதுவும் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. டி-5 பேட்ஜின் நகல்கள் சந்தையில் கிடைக்கின்றன. எந்த மஸ்டாங்கிலும் மாட்டலாம். உண்மையான டி-5 தன் அடையாளத்தை இழந்து நிற்க, போலி டி-5 பேட்ஜோடு பவனி வரும் நிலை இப்படித்தான் உருவாகிறது. ஏற்றுமதிக் குறியீடு உள்ள ஆவணமும், தொழிற்சாலை விட்ட தடயங்களும் இல்லாவிட்டால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

கப்பல் முதல் பட்டறை வரை

காரை வாங்கி, கன்டெய்னரில் ஏற்றி, சுங்கத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவருவது அலைச்சல்தான். ஆனால் அந்த வழி எல்லோரும் அறிந்தது. 25 ஆண்டு தாண்டிய காருக்கு அமெரிக்கா தன் வாகனப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 ஆண்டு தாண்டி, அந்த மாடல் தயாரிப்பில் இல்லாமல், காரும் தன் அசல் நிலையில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால், சேகரிப்புப் பொருளாகச் சுங்கவரி இன்றியே உள்ளே வரலாம். அசலாக இருப்பதற்குச் சுங்க அதிகாரிகூட மதிப்புக் கொடுக்கிறார். நம் பட்டறைகள்தான் கொடுக்க மறுக்கின்றன.

பட்டறையில் முதல் வேலை, பாடியைப் பிரித்து மணல் பீய்ச்சுவது. சாண்ட் பிளாஸ்டிங். துருவும் பழைய பெயின்டும் போய், வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்போது உரிமையாளருக்குப் பரம திருப்தி. தகடு மெல்லியதாக இருந்தால் அந்த வேகத்தில் வளைந்துபோவதும் உண்டு, அதைக்கூடப் பிறகு தட்டிச் சரிசெய்துவிடலாம். அந்தப் பெயின்டோடு போனதைத்தான் மீட்கவே முடியாது. தொழிற்சாலையில் சோதனையாளர் அடிப்பாகத்தில் கிறுக்கிய சாக்பீஸ் குறிகள், எந்த அச்சு எந்தக் காருக்கு என்று தடவிய வண்ணப் பட்டைகள், பிரைமர் மேல் அலட்சியமாகச் சிதறிய பெயின்ட்டின் தடம், எல்லாமே ஒரே மதியத்தில் காற்றோடு போய்விடும். நம் ஊரில் கோயில் சுவர்களை இதே முறையில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன வேதனை தெரிந்தவர்களுக்கு, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது இன்ஜின். ஷெவ்ரோலே போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், இன்ஜின் பிளாக்கின் ஒரு சிறு முகப்பில் காரின் எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் காரின் எண்ணோடு பொருந்தினால் 'மேட்சிங் நம்பர்ஸ்'. சந்தையில் அந்த இரண்டு வார்த்தைக்குத் தனி விலை. எண் மட்டுமல்ல, தொழிற்சாலை இயந்திரம் அந்த முகப்பை இழைத்தபோது விழுந்த மெல்லிய கோடுகளையும் வல்லுநர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். கோடு இல்லாமல் எண் மட்டும் இருந்தால், பின்னால் யாரோ அடித்த எண் என்ற சந்தேகம் எழும். இப்படிப்பட்ட பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பும்போது, மேல்முகத்தை முழுவதுமாக ஃபேசிங் அடித்துச் சமப்படுத்திவிடுகிறார்கள். எண்ணும் கோடும் சேர்ந்தே சீவப்படுகின்றன. பொருந்தும் எண்ணோடு போன உண்மையான இன்ஜின், அநாதையாகத் திரும்பி வருகிறது. அந்த முகப்பை மட்டும் தொடாமல் விடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

பிறகு தகட்டு வேலை. மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் கௌல் பகுதி, தளத்தைப் பலப்படுத்தும் டார்க் பாக்ஸ், பின் சட்டங்கள் இவையெல்லாம் துருவுக்குப் பிடித்த இடங்கள். மாற்றாமல் ஓட்டினால் உயிருக்கே ஆபத்து. மாற்றத்தான் வேண்டும். ஆனால் இன்று 1967, 68 ஃபாஸ்ட்பேக்கின் முழுப் பாடியையே புதிதாக அச்சில் அழுத்தித் தயாரித்து விற்கிறார்கள். நான்கு இடத்தில் ஒட்டுப்போடுவதைவிட மொத்தமாக மாற்றுவது சுலபம் என்று உரிமையாளரின் மனம் போகிறது. பழைய எண்ணைத் தாங்கிய சிறு துண்டும், புதிய பாடியும், வேறொரு இன்ஜினும் சேர்ந்தால் அது எந்தக் கார்? கடல் தாண்டித் தேடிப்போனது எதற்காக?

கார் என்றால் ஓட்டத்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அல்ல, அதனால் நவீன பிரேக்கும் புதுப் பெயின்டும் போடுவதில் என்ன தவறு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரண மாடல்களுக்கு அந்த வாதம் பொருந்தும். ஒன்றிரண்டே மிஞ்சியிருக்கும் கார்களுக்குப் பொருந்தாது.

சந்தை சொன்ன தீர்ப்பு

உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்காக, பணம் பேசிய கதையையும் சொல்கிறேன். மெக்சிகோ காருக்கு அடுத்த எண்ணான 125559, படத்தில் மெக்வீன் ஓட்டிய முதன்மைக் கார். நியூஜெர்சியைச் சேர்ந்த ஒரு குடும்பம் 1974-ல் அதைப் பத்திரிகை விளம்பரம் பார்த்து வாங்கியது. வீட்டுக் காராக அன்றாடம் ஓட்டினார்கள். 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. 1980 வாக்கில் பழுதாகி நின்ற கார், பல ஆண்டுகள் வெளியுலகின் கண்ணில் படாமல் இருந்தது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அது மீண்டும் மேடையேறியபோது பெயின்ட் மங்கி, ஆங்காங்கே துருத் திட்டோடுதான் நின்றது. ஓட வைப்பதற்குத் தேவையானதைச் செய்துவிட்டு, தோற்றத்தை அந்தக் குடும்பம் தொடவில்லை. கேமரா பொருத்துவதற்காக அடியில் வெல்டிங் வைத்த தாங்கிகள்கூட அப்படியே இருந்தன.

2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸிமியில் அது ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் நீங்கலாக 34 லட்சம் டாலர். அன்றைக்கு மஸ்டாங் எதற்கும் கிடைத்திராத விலை. பளபளவென்று பெயின்ட் அடித்து, தாங்கிகளை அறுத்து எறிந்திருந்தால் அந்தக் குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது ஒரு நல்ல 1968 மஸ்டாங்கும், யாரும் நம்பாத ஒரு கதையும்தான்.

எனவே வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு காரைத் தேடிப்பிடிப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் கேமராவை எடுங்கள். ஒவ்வொரு திருகையும் கழற்றுவதற்கு முன், கழற்றும்போது, கழற்றிய பின் படம் பிடியுங்கள். சீட்டுக்குள்ளும் டேங்க் மேலும் கைவிட்டுத் தேடுங்கள். இன்ஜின் எண்ணை லேத் பட்டறைக்கு அனுப்பும் முன் பதிவு செய்து, எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். கழற்றிய பழைய பாகம் உதவாது என்றாலும் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். அந்நிய நாட்டின் பதிவு எண், கிலோமீட்டர் மீட்டர், அந்த ஊர்க்காரர் அடித்த ஓட்டை எல்லாம் அந்தக் கார் வாழ்ந்த வாழ்க்கை. அவற்றில் எதை நீக்குகிறீர்கள், ஏன் நீக்குகிறீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து, காரை விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். பெயின்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று பட்டறைக்காரர் சொன்னால், காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வேறு பட்டறையைத் தேடுங்கள்.