எட்டுக் கிளாஸ் கணக்கும் தாகம் தெரியாத வயதும்

எமது முதியோர் ஒன்றுகூடல்களில் தேநீர் வேளையில் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் தண்ணி கட்டாயம் குடிக்கவேணுமோ?" என்பதே அது. கேட்கும் ஐயா தண்ணீர்ப் போத்தலை விட்டுப் பிரியாதவர். அருகில் இருக்கும் அம்மாவோ காலைத் தேத்தண்ணியுடன் பின்னேரம்வரை சமாளிப்பவர். இவ்விருவரில் யாரைப்பற்றி நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்? இது தொடர்பான ஆராய்ச்சிகள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். தெரியவந்தவற்றை இங்கே தருகின்றோம்.

முதலில் அந்த எட்டுக் கிளாஸ். அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக இயக்கம் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் ஹைன்ஸ் வால்டின் இதன் மூலத்தைத் தேடிப் பார்த்தார். நலமாக உள்ள ஒருவர் நாளாந்தம் எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்று 2002இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் எழுதினார். அமெரிக்க உணவு, ஊட்டச்சத்துச் சபை 1945இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றிலிருந்து இது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2.5 லீற்றர் நீர் போதுமானது என்று அது கூறியது. இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் அங்கேயே சொல்லப்பட்டிருந்தது. முதல் வசனம் ஊரெல்லாம் பரவியது, மற்றதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்!

நாம் உண்ணும் சோற்றின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். சொதி, ரசம், கஞ்சி, வெள்ளரிக்காய், வத்தகப்பழம் என்பவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. தேநீரும் கோப்பியும் உடம்பிலுள்ள நீரை இழுத்து வெளியே விட்டுவிடும் என்று எம்மவர் பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வழக்கமாகக் கோப்பி குடிக்கும் 50 ஆண்களுக்கு நாளுக்கு நான்கு கோப்பை கோப்பியை மூன்று நாட்களும், அதே அளவு தண்ணீரை வேறு மூன்று நாட்களும் கொடுத்துப் பார்த்தார்கள். உடலின் நீர்நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தென்படவில்லை என்று 2014இல் அறிவித்தார்கள். எனவே தேத்தண்ணியையும் கணக்கில் சேர்க்கலாம். நாம் அதற்குள் போடும் சீனியின் கணக்கு வேறு!

எல்லோருக்கும் ஒரே அளவு என்பதும் பொருந்தாது. 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரின் உடலில் நாளாந்தம் எவ்வளவு நீர் வந்து போகிறது என்று அளந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2022இல் வெளியானது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 96 வயதானவர் வரை அதில் இருந்தார்கள். வயது, உடல் நிறை, உடலுழைப்பு, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் என்பவற்றுக்கு ஏற்ப இந்த அளவு பெரிதும் மாறுபட்டது.

"தண்ணியை நல்லாக் குடிச்சால் கிட்னி கழுவுப்படும்" என்ற கதையும் எம்மிடையே உண்டு. இதை எமது ஒன்ராறியோ மாகாணத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 631 பேரில் ஒரு பகுதியினரைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ஓராண்டின் பின் பார்த்தபோது, சிறுநீரகங்களின் இயக்கம் குறைவதை அது தடுத்ததாகத் தெரியவில்லை. இதன் முடிவு 2018இல் வெளியானது. ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்களின் விடயம் வேறு. இத்தாலியின் பார்மா நகரில் முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் அவதானித்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 வீதமானோருக்கும் மற்றவர்களில் 27 வீதமானோருக்கும் மீண்டும் கல் வந்தது. அடிக்கடி சலத்தொற்று வரும் பெண்களுக்கும் கூடுதல் தண்ணீர் உதவும் என்று 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. ஆனால் அது மாதவிடாய் நிற்காத, வழக்கத்தில் குறைவாகக் குடிக்கும் பெண்களிடம் நடத்தப்பட்டது.

அப்படியானால் தாகம் எடுக்கும்போது குடித்தால் போதாதா? இளம் வயதினர் பெரும்பாலானோருக்குப் போதும். இரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு வீதம் கூடினாலே மூளை தாகத்தை எழுப்பிவிடும். சலத்தைச் சுண்டவைக்கும்படி சிறுநீரகங்களுக்கும் ஓமோன் மூலம் செய்தி போகும். வயது போகப் போக இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது என்பதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம்.

ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட சிறிய ஆராய்ச்சி ஒன்று இன்றும் பேசப்படுகிறது. இளைஞர் ஏழு பேரும், 67 முதல் 75 வயதுவரையான நல்ல சுகதேகிகளான ஏழு பேரும் 24 மணித்தியாலம் தண்ணீர் இன்றி இருந்தார்கள். முடிவில் முதியவர்களின் இரத்தமே கூடுதலாகச் செறிந்திருந்தது. ஆனாலும் தாகமோ வாய் உலர்வோ அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. தண்ணீரை முன்னே வைத்தபோதும் இளைஞர்களைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

இதனுடன் எமது முதியோரின் நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். தசை குறைவதால் உடலில் நீரின் இருப்பே குறைவு. குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் அறைக் காற்று வறண்டிருக்கும், வியர்வை இல்லாததால் குடிக்கும் எண்ணமும் வராது. பிரஷருக்குக் கொடுக்கும் குளிசைகள் சில சலத்தைக் கூட்டும். இதைவிட, கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போகும் நாளில் "வழியிலை எங்கை போறது" என்று காலையிலிருந்தே வாயைக் கட்டிவிடுவார்கள். இரவில் எழும்பி விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. இந்தப் பயம் நியாயமானது. "குடியுங்கோ, குடியுங்கோ" என்று பிள்ளைகள் அதட்டுவதால் அது போய்விடாது. பகலில் கூடுதலாகவும் படுக்கைக்குப் போகுமுன் குறைவாகவும் கொடுப்பதும், குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஒன்று போட்டுவைப்பதும் எவ்வளவோ மேல்.

சலத்தின் நிறத்தைப் பார்த்தும் தோலைக் கிள்ளிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். முதியவர்களில் இந்த அடையாளங்கள் தனித்து நம்பத்தக்கவை அல்ல என்று 2015இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. ஆகவே அடையாளத்துக்குக் காத்திராமல் நேரத்துக்குக் கொடுப்பதே வழி. வயதான பெண்கள் நாளுக்குக் குறைந்தது 1.6 லீற்றரும் ஆண்கள் 2 லீற்றரும் பானமாக எடுக்கவேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் பரிந்துரை. 250 மில்லிலீற்றர் கோப்பையால் அளந்தால் ஆண்களுக்கு அதே எட்டு வந்து நிற்கிறது, என்ன செய்வது! ஆனால் இதில் தேநீர், பால், மோர், சூப் எல்லாம் அடங்கும். காலைக் குளிசையுடன் ஒரு முழுக் கோப்பை, சாமி கும்பிட்ட பின் ஒன்று, தொலைக்காட்சி நாடகத்துக்கு ஒன்று என்று பழக்கத்துடன் சேர்த்துவிட்டால் எண்ண வேண்டியிராது.

இது எல்லோருக்கும் அல்ல. இருதயம் பலவீனமானவர்களுக்கும் டயலிசிஸ் செய்பவர்களுக்கும் வைத்தியர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அதுவே அளவு. அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதமானோருக்கு அது குறைந்திருந்தது. நம் போத்தல் ஐயா மரதன் ஓடுபவர் அல்லர், ஆனால் பிரஷர் குளிசைகள் சிலவும் சோடியத்தைக் குறைக்கக் கூடியவை என்பதால் அடுத்த முறை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நேற்றுவரை தெளிவாகக் கதைத்த அம்மா இன்று தடுமாறினால், நாள் கிழமை மாறிச் சொன்னால், "வயசு போயிட்டுது" என்று விட்டுவிட வேண்டாம். நீரிழப்பு, சோடியக் குறைவு, தொற்று, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம், உடனே 911ஐ அழையுங்கள். போகும்போது குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது, என்ன குடித்தார் என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.