கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள்

புனேயில் வீட்டு மராமத்து வேலை மே மாதத்தில் சூடுபிடிக்கும். ஜூனில் மழை வந்துவிட்டால் செப்டம்பர் வரை விடாது. அதற்குள் முடிக்க வேண்டுமே என்று நாம் தவிக்க, காண்ட்ராக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருப்பார்: "ஹோவூன் ஜாயில்." ஆகிவிடும்.

எங்கள் கோத்ரூட் ஃப்ளாட்டிலும் ஆனது. பாத்ரூமில் கிடந்த பழைய ஷஹாபாத் கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதித்தார் ஒருவர். கொட்டேஷனில் அவர்தான் குறைவு. மூன்றாம் மாதம் கீழ்வீட்டுக் காக்கூ (மராட்டியில் சித்தி) என்னைக் கையோடு அழைத்துப்போய்த் தன் சீலிங்கைக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரக்கறை. அதைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்திருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர்.

பாத்ரூம் தரைக்கடியில் செங்கல் துண்டுகளைச் சிமென்ட் கலவையில் பதித்து, வாட்டம் கொடுத்து இறுக்கியிருப்பார்கள். 'கோபா' என்பது மராட்டியர் வழக்கு. நம் ஊர் மொட்டை மாடியின் செங்கல் ஜல்லித் தளத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. குழாயை நகர்த்துவதற்காக எங்கள் ஆள் அதைக் கொத்தி, வெறும் கலவையால் மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை.

அடுத்து வந்தவரிடம், "நீங்கள் செய்த பாத்ரூம் ஒன்றைக் காட்டுங்கள்" என்றேன். அவர் அந்த பாத்ரூமுக்குப் போகவே இல்லை. அதற்குக் கீழ்வீட்டின் மணியை அழுத்தினார். "இரண்டு மழைக்காலம் ஆச்சு, சார். சீலிங்கைப் பாருங்க." வேலையை அவருக்கே கொடுத்தேன். கொட்டேஷனிலும் மற்றவர்களைப் போல 'வாட்டர்ப்ரூஃபிங்' என்று ஒரு வரியோடு நிறுத்தாமல் எந்தப் பொருள், எத்தனை கோட் என்று எழுதியிருந்தார். டைல்ஸ் பதிக்கும் முன் வடிகாலைத் துணியால் அடைத்து, தண்ணீர் கட்டி, சுவரில் மட்டம் குறித்துவிட்டு 48 மணி நேரம் வேலையை நிறுத்தி வைத்தார். ஆட்களின் கூலி போகிறதே என்று எனக்குத்தான் பதற்றம்.

சுவரில் கைவைப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். புதுக் கட்டடங்களில் சுவரும் கான்கிரீட்டாகவே இருக்கலாம்; மைவான் முறையில் கட்டியவை அப்படித்தான். வரைபடம் கேட்காமல் "இந்தச் சுவரை எடுத்துடலாம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃப்ளாட் கைக்கு வந்து 5 ஆண்டு ஆகவில்லையென்றால் காண்ட்ராக்டரைத் தேடவே வேண்டாம். கட்டுமானக் குறைகளை பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டம். அவசரப்பட்டு நாமே உடைத்தால் அவருக்கு அதுவே சாக்கு.

மராமத்துக் காண்ட்ராக்டர் மீது புகார் என்றால் மாநில ரேரா ஆணையமான மகாரேராவுக்கு அலைந்து பயனில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் இடம், அதுவும் 2 ஆண்டுக்குள். கையில் ரசீதும் ஒப்பந்தமும் வேண்டும். "நமக்குள்ள என்ன பேப்பர்?" என்கிற பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள்.

கூலியில் பத்தில் ஒரு பங்கை மழை முடிந்த பிறகு வாங்கிக்கொள்ள இரண்டாமவர் ஒப்புக்கொண்டிருந்தார். தசரா கழிந்து மூவரும் சீலிங்கை அண்ணாந்து பார்த்தோம். கறை காய்ந்து வெளுத்திருந்தது. பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் படியிறங்குவதற்குள், தன் பாத்ரூமையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார் காக்கூ.