மெதுவாகப் போக ஒரு வண்டி

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு வண்டி கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவும் வாயே திறக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில், பணமுடையில் தள்ளாடிக்கொண்டிருந்த பேன்டம் என்ற குட்டிக் கார் நிறுவனம் துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் ஓரிரு நாளில் வரைபடத்தை முடித்துக் கொடுத்தார். எஞ்சின் கான்டினென்டல் நிறுவனத்திடம் வாங்கியது. ஆக்சில்கள் ஸ்டூட்பேக்கர் காருடையவற்றைத் திருத்திச் செய்தவை. செப்டம்பர் 23 அன்று, கெடு முடியும் நாளில், வண்டி ஹோலபர்ட் முகாமுக்கு ஓடியே போய்ச் சேர்ந்தது.

பின்னாளில் ஜீப் என்று உலகம் அழைத்த வண்டியின் முதல் பிரதி இப்படித்தான் பிறந்தது: வெளியில் கிடைத்த பாகங்களைக் கொண்டு, ஒரு சிறிய இடத்தில், அவசரமாகக் கூட்டப்பட்டு. எண்பது ஆண்டு கழித்தும் வீட்டு முற்றத்தில் ஒருவர் ஜீப்பைப் பிரித்துப்போட்டுத் தன் விருப்பப்படி மறுபடி கூட்ட முடிகிறது என்றால், அதற்கான இடத்தை அந்த முதல் வரைபடமே விட்டுவைத்திருக்கிறது. ஏணி போன்ற சேஸ். அதன்மேல் போல்ட் போட்டு உட்காரவைத்த பாடி. முன்னும் பின்னும் கட்டை ஆக்சில், அவற்றைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங். கணினிப் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றலாம், வேறொன்றை அங்கே வைக்கலாம்.

காயலான் கடையில் தொடங்கும் கதை

இந்தியாவில் 1947இல் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது. உயரமான பானட் கொண்ட சி.ஜே. 3பி பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது. பிறகு பெஜோ டீசல் எஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. ராணுவமும் காவல்துறையும் வனத்துறையும் வாங்கி ஓட்டிய இந்த வண்டிகள் ஏலத்துக்கு வரும்போது, சிலருக்கு அது பழைய இரும்பு, சிலருக்கு மூலப்பொருள். ஹரியானா, பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலி என்ற ஊர், பழைய ஜீப்பைப் பிரித்துப் புது வடிவில் கட்டுவதையே தொழிலாக்கிப் பெயர் வாங்கியது. சென்னைப் புதுப்பேட்டைக்காரர்களுக்கும் பழைய பாகங்களிலிருந்து வண்டியைக் கூட்டுவது புதிதல்ல.

வீட்டில் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல. எஞ்சின் கிடைக்கும், பழுதும் பார்க்கலாம். சேஸ்தான் விதி. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மந்தமாகச் சொல்லும். ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், ஸ்டீயரிங் பெட்டி உட்காரும் இடம், குறுக்குச் சட்டங்களின் வெல்டிங், இந்த மூன்றிலும் வெடிப்பு இருக்கிறதா என்று துலக்கிப் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தால் சேஸ் முறுக்கியிருப்பது தெரிந்துவிடும். இதற்கு இணையாகப் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதில் உள்ளபடி இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது விலை அதிகம்தான்.

முப்பத்தேழு என்ற எண்

காட்டுப்பாதை வண்டி என்றதும் பலருக்கும் குதிரைசக்தி நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் சக்தி 60 குதிரைசக்திதான். அது பாறை ஏறியதற்குக் காரணம் பல்சக்கரங்கள்.

பழைய சி.ஜே. 3பியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியரின் விகிதம் 2.798. எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46. ஆக்சிலில் உள்ள கிரவுன், பினியன் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சினின் திருகுவிசையும், உராய்வில் போவது போக, அதே மடங்கு பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. 28 அங்குல டயரோடு, எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால், வண்டியின் வேகம் மணிக்கு 3.6 கிலோமீட்டர். சாதாரணமாக நடக்கும் ஆள் அதை முந்திவிடுவார். பாறையின் மேல் டயர் மெல்ல ஏறி, உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு நகர இந்த வேகம்தான் வேண்டும். வேகமாகப் போய் மோதினால் ஸ்பிரிங்கும் ஆக்சிலும்தான் பதில் சொல்லும்.

இப்போது பெரும்பாலானவர்கள் முதலில் செய்யும் வேலைக்கு வருவோம்: 33 அங்குல டயர். வண்டி நிமிர்ந்து நிற்கும், அடிவயிறு பாறையில் தட்டாது. ஆனால் சக்கரம் பெரிதானதால் அதே சுற்றில் அதிக தூரம் போகிறது. 3.6 என்பது 4.3 ஆகிறது. கைக்கு வந்த இழுவையில் பதினைந்து விழுக்காடு போய்விடுகிறது. 37 இருந்த இடத்தில் 31தான் இருப்பதுபோல. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 70இல் ஓடுகிறது. பழைய டிரம் பிரேக்கோ பெரிய டயரைப் பிடித்து நிறுத்தக் கூடுதல் மிதி கேட்கிறது. இழந்த மெதுவைத் திரும்பப் பெற, ஆக்சிலிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ விகிதத்தைக் கூட்ட வேண்டும். டயருக்குக் கொடுத்த பணத்தைவிட இந்த வேலைக்கு அதிகம் போகும்.

வீட்டில் வண்டி கட்டுவதன் சூட்சுமம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எதைத் தொட்டாலும் அது இன்னொன்றைத் தொடச்சொல்லும்.

தூக்கினால் என்ன ஆகும்?

உயரம் கூட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் ஜீப்பில், அதை ஆக்சிலுக்கு மேலே மாற்றி யு போல்ட் போட்டால் வண்டி ஒரே நாளில் பல அங்குலம் உயர்ந்துவிடும். புது ஸ்பிரிங் வாங்கத் தேவையில்லை, செலவும் குறைவு. அதனாலேயே பட்டறைகளில் இது பிரபலம்.

மறுநாள் பிரச்சினைகள் வரிசையில் வந்து நிற்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து, கிராஸ் ஜாயின்ட் கத்தத் தொடங்கும். பினியனின் கோணத்தைத் திருத்த வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடும். சக்கரம் முழுதாகத் தொங்கும் ஒரு நாளில் அறுந்துவிடக்கூடும். ஸ்டீயரிங் தண்டு சாய்ந்துபோவதால் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகவே ஒருபக்கம் இழுக்கும். முன்சக்கரத்தின் கேஸ்டர் கோணம் கெட்டால், நல்ல சாலையில் வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் கையை உதறும். இத்தனைக்கும் மேல், எடையின் மையம் உயர்ந்துவிட்டதால் முன்பு தைரியமாகக் கடந்த பக்கச் சரிவில் வண்டி இப்போது கவிழப் பார்க்கும்.

அனுபவமுள்ளவர்கள் உயரத்தைவிட மடக்கத்தையே தேடுவார்கள். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொட வேண்டும். நீளமான, மெல்லிய பட்டைகள் பல வைத்த ஸ்பிரிங் அதைச் செய்யும். டயர் தட்டும் இடத்தில் ஃபெண்டரை வெட்டிவிட்டால் உயர்த்தாமலே பெரிய டயர் உட்காரும். முன் பம்பரின் மூக்கைக் குறைத்தால் ஏறுமுகத்தில் இடிக்காது. இரும்பைச் சேர்ப்பதால் கிடைக்காத பலன் வெட்டுவதால் கிடைப்பது உண்டு.

மூச்சுவிடும் ஆக்சில்

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம். இரண்டு சக்கரத்துக்கும் சமமான விசையைத்தான் அது கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதற்கு விசையே வேண்டாம். அப்போது தரையில் உள்ள சக்கரத்துக்கும் அதே வெறுங்கைதான். நான்கு சக்கர இழுவை வண்டி என்று பெயர் இருந்தும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும். இதற்கு மருந்து, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கர். பின் ஆக்சிலில் ஒன்று போட்டாலே வண்டியின் திறன் வேறாகிவிடும். ஆனால் லாக்கர் போட்ட பின் முழுப் பாரமும் ஒரே ஆக்சில் ஷாஃப்ட்டில் இறங்கலாம். பெரிய டயரும் சேர்ந்தால் பழைய ஷாஃப்ட் முறியும். சங்கிலி இங்கேயும் நீள்கிறது.

காசு அதிகம் கேட்காமல் பெரும் நன்மை செய்யும் வேலை ஒன்று உண்டு. வெகுதூரம் ஓடிச் சூடான ஆக்சில், குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் எண்ணெய் பால்போல வெளுக்கும். ஆக்சிலின் மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது. எஞ்சினுக்கு ஸ்நார்க்கல் வைப்பவர்கள் இதை மறந்துவிடுவது வேடிக்கை.

வீட்டில் எது, வெளியில் எது

கிரைண்டர், மிக் வெல்டிங் மெஷின், நல்ல ஜாக், அதைவிட நல்ல ஸ்டாண்டுகள் இருந்தால் வீட்டிலேயே பாதி வேலை முடியும். பாடி வேலை, ஸ்பிரிங் மாற்றுவது, பிரேக் லைன், ஒயரிங், பம்பர், கொக்கி மாட்டும் தாங்கிகள் எல்லாம் பொறுமை உள்ளவருக்குக் கைவரும். ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்வதும், கிரவுன் பினியன் இடைவெளி பிடிப்பதும் அதற்கென்று கருவியும் கைப்பழக்கமும் உள்ளவரிடம் விட வேண்டியவை. ரோல் கேஜும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டிய கேஜ் கண்ணுக்குப் பலமாகத் தெரியும். வண்டி உருளும்போது முதலில் மடங்குவது அதுவாக இருக்கும்.

வெல்டிங் பிடிக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எரிபொருள் டேங்கை இறக்கித் தூர வையுங்கள். காலி டேங்க்தானே என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்கே ஆபத்தானது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை கொடுக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டப்வாலி பாணி ஜீப்புகள் பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், சாலையில் அவை நிற்பது இந்தப் பிரிவின் எதிரில்தான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஆகவே கட்டுபவர் முன் இரண்டு வழிகள். ஒன்று, ஆர்.சி.யில் உள்ள வண்டியை அதே வண்டியாக, ஆனால் புதிதுபோல மீட்டெடுப்பது. இன்னொன்று, சாலைக்கே வராத போட்டி வண்டியாகக் கட்டி, லாரியில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோவது. 1997இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப்பாதைப் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014இல் கோவாவின் மழைக்காலத்தில் தொடங்கியது. அப்படிப்பட்ட களங்களுக்குத்தான் வின்ச்சும் லாக்கரும் பெரிய டயரும் பொருந்தும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விடுவது இரண்டிலும் சேராது. அது தனிக் குற்றம்.

எந்த வழியானாலும், கையில் சாவி வந்ததும் ஸ்பேனரை எடுக்காமல் இருப்பதே நல்ல தொடக்கம். கொழுக்குமலைக்குப் போய்ப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் இருந்தும், கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் வண்டி போகும் அந்தக் கரடுமுரடான மலைப்பாதையில் ஏறி இறங்குபவை பயணிகளை ஏற்றும் வாடகை ஜீப்புகள். பாதையைப் படிக்கத் தெரிந்த ஓட்டுநரும் லோ கியரும்தான் அவற்றின் பலம்.

பிரேக், ஸ்டீயரிங், குளிர்விப்பு மூன்றையும் சரிசெய்து, நல்ல டயரும் முன்னும் பின்னும் பலமான கொக்கிகளும் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே ஓட்டிப் பாருங்கள். கரடுமுரடான இடத்தில் டயர்க் காற்றை இறக்கி ஓட்டப் பழகுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பி, நான்கு சக்கர இழுவையை விடுவியுங்கள். எங்கே அடி தட்டுகிறது, எந்தச் சக்கரம் அந்தரத்தில் சுழல்கிறது, எந்த ஏற்றத்தில் இன்னும் மெதுவாகப் போக முடியாமல் திணறுகிறது என்று வண்டியே சொல்லும். அந்தப் பட்டியலில் முதலில் உள்ளதை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் மறுபடி ஓட்டுங்கள். பலருக்கு அந்தப் பட்டியல் நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கும். மிச்சமாகும் பணம் டீசலுக்கு ஆகும்.