ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்து, கல்லூரிகள் திறக்கும் பருவம் நெருங்கிவிட்டால், குருமனைக்கு வரும் பெற்றோர் நம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சாமி, பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். பழையதில் ஐ-7 கிடைக்கிறதாம். புதியதென்றால் ஐ-3 தான் எங்களால் முடியும். ஏழு பெரிதல்லவா?” சீட்டுப் பணத்தை எடுத்தும், காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைத்தும் வாங்கப்படும் பொருளாகையால், இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

கணிப்பொறியினுள்ளே கணக்குகள் அனைத்தையும் செய்து முடிக்கும் சிறு சில்லுக்குப் பிராசஸர் என்று பெயர். தமிழில் செயலி என்பர். ஆனால் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ‘ஆப்’பையும் செயலி என்றே இந்நாளில் அழைப்பதால் (ஒரே வீட்டில் இரு பிள்ளைகளுக்கு ஒரே பெயரிட்ட கதைதான்!), நாம் பிராசஸர் என்றே எழுதுவோம்.

இன்டெல் நிறுவனத்தின் இரண்டு பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 2011 ஜனவரியில் வெளிவந்த ஐ-7 2600. மற்றது, 2022 ஜனவரியில் வெளிவந்த ஐ-3 12100. வெளிவந்த நாளில் முன்னதன் பட்டியல் விலை 294 டாலர். பின்னதற்கு 122 டாலர். தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றே தோன்றும். இரண்டிலும் ‘கோர்’ எனப்படும் உழைப்பாளிகள் நால்வர். இரண்டும் ஒரே வேளையில் எட்டு வேலைத் தொடர்களைக் கையாளும். அடிப்படை வேகமோ பழையதற்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், புதியதற்கு 3.3. இங்கே பழையதே ஒரு படி மேல்! எனினும் சோதித்துப் பார்க்கையில், தனியொரு கோர் செய்யும் வேலையில் ஐ-3 ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக முடிக்கிறது. நான்கும் கூடி உழைக்கும் வேலைகளில் வேறுபாடு அதனினும் மிகுதி.

இது எங்ஙனம் ஆகும்? கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் பிராசஸர் எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதைத்தான் கூறும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது கூறாது. பங்குத் திருவிழாவின் அசனச் சமையலை எண்ணிப் பாருங்கள். இரு கூடாரங்களிலும் சமையற்காரர் நால்வர். ஒவ்வொருவர் முன்னும் இரண்டிரண்டு அடுப்புகள். கரண்டி சுழலும் வேகமும் ஒன்றே. ஆனால் ஒரு கூடாரத்தில் காய்கறி அரிந்து கைக்கெட்டும் தொலைவில் குவிந்திருக்கிறது. மற்றதில் ஒவ்வொரு பிடி உப்புக்கும் ஆள் பண்டகசாலைக்கு ஓட வேண்டும். எந்தக் கூடாரத்தில் பந்தி முதலில் தொடங்கும்?

பிராசஸரின் கைக்கெட்டும் பண்டகசாலைக்குக் ‘கேஷ்’ என்று பெயர். ஒவ்வொரு கோருக்கும் அருகிலுள்ள இரண்டாம் நிலைக் கேஷ் பழையதில் 256 கிலோபைட், புதியதில் 1.25 மெகாபைட். நால்வருக்கும் பொதுவானது 8 மெகாபைட்டிலிருந்து 12 ஆக உயர்ந்தது. ஒரு துடிப்பில் பிரித்தறியும் கட்டளைகள் நான்கிலிருந்து ஆறாயின. வரிசை மாற்றி முன்கூட்டியே செய்து முடிக்கவென்று எதிரே வைத்துக்கொள்ளும் கட்டளைகள் 168 ஆக இருந்தவை 512 ஆயின. ஓர் அடுப்பில் நீர் கொதிக்கக் காத்திராமல் அடுத்த பந்திக்கான வேலையை இப்போதே முடித்துவைக்கும் சமையற்காரருக்கு ஒப்பானது இது. இத்தனைக்கும் புதியதன் அடிப்படை மின்தேவை 60 வாட், பழையதற்கு 95.

எண்ணைக் கண்டு உலகம் மயங்கியது இது முதன்முறையன்று. பென்டியம் 4 என்னும் பிராசஸரின் வேகம் 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுசெல்லும் திட்டத்தை அதே ஆண்டில் அந்நிறுவனமே கைவிட்டது. வெப்பம் அவ்வளவு! 2006 ஜூலையில், வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய கோர் 2 டுவோ, அந்தப் பென்டியத்தைப் பின்னுக்குத் தள்ளிற்று. மின்தேவையும் 115 வாட்டிலிருந்து 65 ஆகத் தணிந்தது.

நம் பங்கில் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கும் தாய் ஒருவர் இருக்கிறார். கல்லூரி செல்லும் மகளுக்கென்று, கடைக்காரர் ‘ஐ-7’ என்ற ஒட்டுத்தாளைச் சுட்டிக்காட்டியதை நம்பி, இரண்டாம் தலைமுறைக் கணிப்பொறியை வாங்கினார். கல்லூரியார் கேட்ட மென்பொருளுக்கு விண்டோஸ் 11 தேவைப்பட்டது. இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறை முதற்கொண்டு வந்தவற்றையே, மிகச் சில விலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11 ஏற்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. அப்பெண் இப்போது கல்லூரிக் கூடத்திலேயே மாலை வரை தங்கி வேலையை முடித்து, இருட்டிய பின் பேருந்து ஏறுகிறாள். கடைக்காரர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, ஒட்டுத்தாளும் உண்மையானதே. ஆயினும் வாங்குபவர் அறியாததை அறிந்திருந்தும் வாய் திறவாமல் விற்பது ஏழாம் கட்டளைக்கு உட்பட்ட காரியமே என்பதை, வணிகம் செய்யும் நம் பங்கு மக்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அதற்காகப் பழையதெல்லாம் குப்பை என்று கருதலாகாது. வீசியெறியும் பண்பாட்டை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் கண்டித்திருக்கிறார். சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் அமைத்துக்கொண்டால், அந்த 2600 இன்னும் பல ஆண்டுகள் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் உதவும். ஆனால் யூடியூப் முதலியவை இன்று பயன்படுத்தும் புதிய காணொளி முறைகளை விரிக்கும் தனிப் பகுதி அதில் இல்லை. அவ்வேலையையும் நான்கு கோர்களே சுமந்து வெப்பமேறும். விலை மலிவாயின், அறிந்து வாங்குவதில் பிழையில்லை.

இனி, தலைமுறையை அறியும் வழி. ஐ-7, ஐ-3 என்பதை அடுத்துவரும் எண்ணைப் பாருங்கள். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 8400 என்றால் எட்டு. 12100 என்றால் பன்னிரண்டு. (2023 இறுதியில் வந்த ‘கோர் அல்ட்ரா’ வரிசைக்கு இக்கணக்குப் பொருந்தாது.) மடிக்கணினியாயின் எண்ணின் இறுதி எழுத்தையும் நோக்குக: ‘யு’ என்று முடியும் ஐ-7 7500-இல் கோர்கள் இரண்டே. ஒட்டுத்தாளை நம்பாமல், கணிப்பொறியை ஓடவிட்டு, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘அபௌட்’ என்பதைத் திறக்கச் சொல்லுங்கள். பிராசஸரின் முழுப்பெயர் அங்கே எழுதியிருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொண்டு, பணத்தை எடுக்குமுன், கணிப்பொறி பயிலும் நம் இளைஞர் எவரிடமாவது காட்டுங்கள்.