விட்டுக்கொடுக்கும் எஃகு

நிலத்தின் அடியில் 1,000 மீட்டர் ஆழத்தில், மேலுள்ள பாறைகளின் எடையால் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ அழுத்தம் நிலவுகிறது. அங்கே ஒரு பாதையைக் குடையும்போது, அகற்றப்பட்ட பாறை தாங்கிவந்த சுமை பக்கச் சுவர்களுக்கு இடம்மாறுவதால், சுவர்கள் பிதுங்கி, கூரை பிளந்து, தரையும் மேல்நோக்கி உப்புகிறது. இவ்வழுத்தம் முழுவதையும் எதிர்த்து நிற்கும் சட்டத்தைக் கட்டுப்படியாகும் செலவில் செய்துவிட முடியாது. தளர்ந்த பாறையைச் சிதறவிடாமல் பிடித்துவைத்து, அதன் பின்னாலுள்ள பாறை தன் சுமையைத் தானே ஏற்க வழிசெய்வதே எஃகுத் தாங்கியின் பணி.

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களின் ஆழம் கூடக்கூட, மரச்சட்டங்கள் ஒடிந்தன. விறைப்பான எஃகு வளைவுகளும் கோணிப்போயின. 1932இல் அங்கே உருவான டூசாங்–ஹைன்ட்ஸ்மான் வளைவு, எதிர்ப்பதற்குப் பதிலாக அளவோடு விட்டுக்கொடுத்தது. பல துண்டுகளாலான அவ்வளைவின் குறுக்குவெட்டு தொட்டி வடிவில் இருப்பதால், நாட்டு ஓடுகள் ஒன்றினுள் ஒன்று படிவதுபோல, ஒரு துண்டின் முனை அடுத்ததற்குள் படிகிறது. அந்தப் பகுதியைக் கவ்விகள் போட்டு நட்டுகளால் இறுக்குகிறார்கள். அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது, துண்டுகள் உராய்வை மீறிச் சற்றே வழுக்க, வளைவு சிறுத்து, தாங்கும் வலுவை இழக்காமல் மீண்டும் நிலைகொள்கிறது. நட்டுகள் தளர்ந்திருந்தால் வளைவு காலத்துக்கு முன்பே நழுவும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் நழுவும் முன்பே எஃகு வளைந்துவிடும். வளைவுக்கும் பாறைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டால், சுமை ஓரிடத்தில் மட்டும் குவிந்து எவ்வளவு நல்ல எஃகையும் முறுக்கிவிடும் என்பதால், கண்ணில் படாத இந்த அடைப்பு வேலைக்கு வளைவுக்குத் தரும் மதிப்பையே தரவேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் வேகமாகப் பரவிய கூரை போல்ட் வேறு வழியில் செயல்படுகிறது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியைக் கூரையில் துளையிட்டுச் செலுத்தி, இன்று பெரும்பாலும் பிசினால் ஒட்டவைத்து, அடிப்புறம் தகடு வைத்து இறுக்கும்போது, தனித்தனியே தொய்யக்கூடிய பாறை அடுக்குகள் ஒரே தடித்த விட்டமாகப் பிணைகின்றன.

மரத்தூண் முறியுமுன் எழுப்பும் வெடிப்பொலி தொழிலாளருக்கு எச்சரிக்கையாக இருந்தது. கூரையினுள் புதைந்த போல்ட் அவ்வாறு குரல் கொடுப்பதில்லை என்பதால், கூரை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளால் காட்டும் அளவிகளைப் பொருத்துகிறார்கள். சிவப்பு தெரிந்தால் உடனே கூடுதல் தாங்கிகளை அமைக்க வேண்டும்.